நொடியாய்ச் சேர்ந்து நிமிடமாய்ப் போகும்

2023-ல் டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தில் பதினைந்து ஸ்டேஜ், அதாவது பதினைந்து நாள் ஓட்டம், முடிந்தபோது முதல் இரண்டு இடங்களில் இருந்தவர்களுக்கு நடுவே 10 நொடிதான் வித்தியாசம். முதலில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர், அடுத்து ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர். இரண்டு வாரத்துக்கு மேல் மலையிலும் வெயிலிலும் மோதியும் ஒருவரால் இன்னொருவரை உதற முடியவில்லை. அடுத்த இரண்டே ஸ்டேஜில் அந்த 10 நொடி ஏழரை நிமிடமாகிவிட்டது. ஜூலை 18 அன்று 22.4 கிலோமீட்டர் தனியோட்டத்தில் (ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியாக நேரத்தோடு போட்டி போடும் ஸ்டேஜ்) பொகாச்சர் 1 நிமிடம் 38 நொடி இழந்தார். மறுநாள் கோல் த லா லோஸ் என்ற மலையில் 5 நிமிடம் 45 நொடி போனது. ஏறிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவில் தன் அணியிடம் "நான் போய்விட்டேன், செத்துவிட்டேன்" என்றார்.

நெல்லைப் பக்கம் இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பார்க்கத் தொடங்கியவர்கள் விடுவதில்லை. விடிகாலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் அம்பாசமுத்திரம் ரோட்டிலும் நாகர்கோவில் ரோட்டிலும் சைக்கிள் மிதிக்கிறார்களே, அவர்களில் பலருக்கு ஜூலை மாதம் என்றால் குற்றாலச் சாரலோடு டூர் டி பிரான்ஸும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். அவர்களோடு சேர்ந்து புதிதாகப் பார்க்க உட்காருகிறவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "நேத்து வரைக்கும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்தவன் இன்னைக்கு ஏன் அண்ணாச்சி இப்படி விட்டுட்டான்?"

நல்ல கேள்வி. கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ நேற்று அடித்த ரன்னையும் கோலையும் இன்று யாரும் திருப்பி எடுக்க முடியாது. இங்கே முடியும், அதுவும் மொத்தமாக. இந்தப் பந்தயத்தில் நேரம் சேர்வது நொடிக் கணக்கில், போவது நிமிடக் கணக்கில். ரசிகர் துள்ளிக் குதிப்பதும், சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வினால்தான். அது ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் மூன்று வாரமும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் கணக்கு. டூர் என்பது 21 ஸ்டேஜ், நடுவே இரண்டு ஓய்வு நாள், மொத்தம் 3,300 கிலோமீட்டர் அளவில். ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்தத்தில் குறைவான நேரம் யாருக்கோ, அவருக்கு மஞ்சள் ஜெர்ஸி. 1903-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கிய லோத்தோ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது, அதனால் 1919-ல் வந்த முதலிட ஜெர்ஸியும் மஞ்சளானது. இத்தாலியில் நடக்கும் இதேபோன்ற மூன்று வாரப் பந்தயமான ஜிரோவில் அதே காரணத்தால் இளஞ்சிவப்பு, அங்கே பந்தயம் நடத்திய பத்திரிகையின் தாள் அந்த நிறம். ஒரு ஸ்டேஜைக்கூட முதலில் முடிக்காமல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990-ல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், 2017-ல் பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் இருவரும் டூரை அப்படித்தான் ஜெயித்தார்கள்.

கூட்டமாக வந்து கோட்டைத் தாண்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரம் எழுதப்படும் என்பது இதில் முக்கியமான விதி. முதலில் வருபவருக்கும் நூறாவதாக வருபவருக்கும் நடுவே இடைவெளி விழவில்லை என்றால் இருவருக்கும் ஒரே நேரம்தான். முதல் மூன்று பேருக்கு மட்டும் 10, 6, 4 நொடி போனஸாகக் கழிப்பார்கள். ஆக, சமதள நாட்களில் மஞ்சள் ஜெர்ஸிக்காரருக்கும் அவரைத் துரத்துகிறவருக்கும் எதுவும் மாறாது. மாறினாலும் சில நொடி. ஆனால் அந்தச் சில நொடியைத் தூக்கியெறிய முடியாது. 1989-ல் லெமாண்ட் பிரான்ஸின் லோரான் ஃபின்யோனை வென்றது 8 நொடியில். கடைசி நாள் காலையில் ஃபின்யோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனியோட்டத்தில் எல்லாம் போனது. டூர் வரலாற்றில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

சரி, சமதளத்தில் ஏன் யாராலும் யாரையும் விட்டுப் பிரிய முடிவதில்லை? காற்றினால். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகிற ஒருவர் செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றைத் தள்ளச் செலவாகும் சக்தி எட்டு மடங்காகும். முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு ஒட்டினாற்போலப் பின்னால் போனால் அந்தச் செலவில் நல்ல பங்கு மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் சுலபம். அதனால்தான் தனியாக முன்னே ஓடுகிறவர்களைக் கூட்டம் அவசரப்படாமல், கடைசிப் பத்து கிலோமீட்டரில் போய்ப் பிடிக்கிறது.

காற்று நேர் எதிரே அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால் கதையே வேறு. இதை நம் பக்கத்துச் சைக்கிள்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைப் பக்கமாகவும் மேற்கிலிருந்து வருகிற காற்று ஆவணி வரை விடாது. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் நோக்கித் தெற்கே மிதித்தால் அது வலது தோளில் வந்து அறையும். அப்போது முன்னால் போகிறவரின் நேர் பின்னால் போவதில் பிரயோஜனம் இல்லை. ஒதுக்கிடம் அவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால் இருக்கிறது. இரண்டாவது ஆள் அங்கே போவார், மூன்றாவது ஆள் அவருக்கும் இடப்பக்கம், நான்காவது ஆள் இன்னும் தள்ளி. கொஞ்ச நேரத்தில் ரோட்டின் வலப்புறத்திலிருந்து இடது ஓரம்வரை சாய்ந்த ஒரு வரிசை உருவாகிவிடும். கடைசி ஆளுக்கு ஜல்லிக் கரைதான் மிச்சம். அவருக்குப் பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க இடமே கிடையாது. முழுக் காற்றையும் தனியாக வாங்கிக்கொண்டு, முன்னால் இருப்பவரின் சக்கரம் ஒரு முழம் விலகுவதை, அப்புறம் நாலு முழம் விலகுவதைப் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டியதுதான்.

டூரில் நடப்பது இதேதான், ஆள்தான் அதிகம். நூற்றெண்பது பேர் வருகிற ரோட்டில் சாய்ந்த வரிசைக்குள் ஏழெட்டுப் பேரோ பதினைந்து பேரோதான் அடங்குவார்கள். பலமான ஓர் அணி முன்னால் வந்து, காற்று திரும்புகிற வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினால் கூட்டம் மூன்று நான்கு துண்டாகக் கிழிந்துவிடும். பின் துண்டில் மாட்டியவர் எவ்வளவு பெரிய மலையேறியாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. 2015-ல் கொலம்பியாவின் நைரோ குயின்டானாவுக்கு அதுதான் நடந்தது. இரண்டாவது ஸ்டேஜ், நெதர்லாந்தின் ஸீலாந்து கடற்கரை, மழையும் காற்றும். அன்று 1 நிமிடம் 28 நொடி போனது. மூன்று வாரம் கழித்து, கடைசிக்கு முந்தைய நாள், அல்ப் த்யுயெஸ் மலையில் அவர் முதலிடத்தில் இருந்த ஃப்ரூமை உதறிவிட்டு 1 நிமிடம் 20 நொடி மீட்டார். பாரிஸில் 1 நிமிடம் 12 நொடி குறைவாக இரண்டாம் இடம். டூரை அவர் இழந்தது ஆல்ப்ஸில் அல்ல, மலையே இல்லாத நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என்று நான் நம்புகிறேன்.

எல்லோருக்கும் அப்படியே முடிவதும் இல்லை. 2020-ல் பொகாச்சர் ஏழாவது ஸ்டேஜில் பக்கக் காற்றில் மாட்டி 1 நிமிடம் 21 நொடி இழந்தார். அப்போது அவருக்கு 21 வயது, முதல் டூர். அதை நாள் நாளாக மீட்டுக்கொண்டே வந்தார். இருபதாவது ஸ்டேஜ் தனியோட்டம் தொடங்கியபோது சொந்த நாட்டுக்காரரான பிரிமோஷ் ரோக்லிச்சைவிட 57 நொடி பின்னால். முடிந்தபோது 59 நொடி முன்னால். ரோக்லிச் ஹெல்மெட் கோணலாக, முகம் வெளுத்து, கோட்டைத் தாண்டித் தரையில் உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. அவருக்காகவும் பொகாச்சருக்காகவும் ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்திருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் பேச்சு இருந்திருக்காது.

காற்று நமக்குப் பழக்கம். மலை அப்படி இல்லை. நெல்லைச் சீமை பெரும்பாலும் சமதளம். செங்கோட்டை தாண்டிக் கோட்டைவாசல் ஏற்றம் சின்னது. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்குப் போகிற ரோடு உண்மையான மலை ரோடுதான், ஆனால் அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நினைத்தபோது மிதித்துவிட முடியாது. அதனால் தொலைக்காட்சியில் மலை எவ்வளவு செங்குத்து என்பது நமக்கு உறைப்பதில்லை. இப்படி யோசிக்கலாம். பாபநாசத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற அகத்தியமலை சுமார் 1,860 மீட்டர். டூரில் வருகிற மோன் வோந்து மலை சுமார் 1,910 மீட்டர். பெதுவான் என்ற ஊரிலிருந்து அதன் உச்சிக்கு 21 கிலோமீட்டர், 1,600 மீட்டர் ஏற்றம். மேல் பகுதியில் மரமே இல்லை, வெறும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். 1967 ஜூலை 13 அன்று பிரிட்டன் வீரர் டாம் சிம்சன் உச்சிக்குச் சற்றுக் கீழே விழுந்து இறந்தார். ஊக்கமருந்தும் வெயிலும் சேர்ந்து கொன்றன. இன்றைய முன்னணி வீரர்கள் அந்த ஏற்றத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள்.

அந்த வேகத்தில் காற்றின் பங்கு குறைந்து, உடம்பின் எடையைத் தூக்குகிற வேலை பெரிதாகிவிடுகிறது. ஒளிந்துகொள்ள இடம் குறைவு. முன்னணியில் நிற்க ஒரு கிலோ எடைக்கு 6 வாட் அல்லது அதற்கு மேல், அரை மணி நேரமோ அதற்கு அதிகமோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு உடம்புக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஒரு மணி நேரம் போகலாம், மேலே போனால் சில நிமிடம்தான். எதிராளி வேகத்தைக் கூட்டும்போது விடக்கூடாது என்று எல்லையைத் தாண்டி ஒட்டிக்கொண்டு போகிறவர், விட்ட பிறகு பழைய நிதானமான வேகத்துக்குத் திரும்புவதில்லை. அதற்கும் கீழே விழுகிறார். முன்னால் போகிறவர் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறுகிறார், விட்டவர் 17-ல் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பத்து கிலோமீட்டரில் அது 5 நிமிடம் 18 நொடி. லோஸில் பொகாச்சருக்குப் போனதும் கிட்டத்தட்ட அதே அளவு.

பொகாச்சர் அன்று ஏன் தளர்ந்துபோனார் என்பதற்குப் பதில் அன்றைய ரோட்டில் முழுதாக இல்லை. ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. டூருக்கு வேண்டிய பயிற்சி நாட்கள் அதில் கரைந்தன. முதல் இரண்டு வாரம் திறமையை வைத்துச் சமாளித்தார். மூன்றாவது வாரம் திறமையைப் பார்க்காது, சேர்த்து வைத்த உடம்பைப் பார்க்கும். ஒரு மலை நாளில் வீரர் ஒருவர் 5,000 கலோரிக்கு மேல் எரிக்கிறார். மிதித்துக்கொண்டே மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளுகிறார்கள், இரவில் மலைபோலச் சோறும் பாஸ்தாவும் சாப்பிடுகிறார்கள். அப்படியும் ஒரு நாள் வயிறு மறுத்தால், ஒரு இரவு தூக்கம் கெட்டால், மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் அது கணக்கில் வந்துவிடும். திங்கட்கிழமை செய்த செலவு வியாழக்கிழமை மலையில் தெரிகிற விளையாட்டு இது.

இதற்கு மிகச் சரியான சாட்சி பிரிட்டனின் சைமன் யேட்ஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே மலையில் பார்த்தவர் அவர். இத்தாலியில் ஃபினெஸ்த்ரே என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. 18 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கு மேல், கடைசி எட்டு கிலோமீட்டர் மண் ரோடு, உச்சி 2,178 மீட்டர். 2018 ஜிரோவில் யேட்ஸ் மூன்று ஸ்டேஜ் ஜெயித்து 13 நாள் இளஞ்சிவப்பு ஜெர்ஸியில் இருந்தார். வாய்ப்பு கிடைத்த இடத்திலெல்லாம் தாக்கினார். ஒவ்வொரு தடவையும் சில நொடி, கூடவே போனஸ். பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மே 25 அன்று பத்தொன்பதாவது ஸ்டேஜில் ஃபினெஸ்த்ரே வந்தது. ஏற்றத்தின் தொடக்கத்திலேயே அவர் பின்னால் சரிந்தார். அன்று மட்டும் 38 நிமிடம் 51 நொடி இழந்தார். அதே நாள் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்த ஃப்ரூம், 80 கிலோமீட்டர் தனியாக ஓடி ஜெர்ஸியைப் பிடித்தார். (ஆஸ்துமா மருந்து தொடர்பான ஒரு விசாரணை அப்போது ஃப்ரூம்மேல் நடந்துகொண்டிருந்தது, அந்த ஜூலையில் அவர்மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது.) யேட்ஸ் அதுவரை சேர்த்த நொடிகளை விலையாகக் கொடுத்தது அந்த நாளில்தான் என்பது என் கணிப்பு.

ஏழு வருடம் கழித்து, 2025 மே 31. இருபதாவது ஸ்டேஜ், அதே ஃபினெஸ்த்ரே. இந்தத் தடவை இளஞ்சிவப்பில் இருந்தவர் மெக்சிகோவின் இசாக் டெல் டோரோ, வயது 21, ஒன்பதாவது ஸ்டேஜிலிருந்து ஜெர்ஸி அவரிடம். 43 நொடி பின்னால் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ். 1 நிமிடம் 21 நொடி பின்னால் யேட்ஸ். அந்த ஜிரோ முழுக்க யேட்ஸ் ஒரு ஸ்டேஜும் ஜெயிக்கவில்லை, அவரைப் பற்றி அதிகம் யாரும் பேசவும் இல்லை. ஃபினெஸ்த்ரேயில் கரபாஸ் முதலில் தாக்கினார், டெல் டோரோ ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் தன் நிதானத்தில் வந்து சேர்ந்து, அப்புறம் போனார். பின்னால் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெர்ஸி உன்னுடையது, நீ துரத்து என்பது கரபாஸின் நிலை. உன்னைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பது டெல் டோரோவின் நிலை. இருவரும் துரத்தாத அந்த நிமிடங்களில் ஜிரோ கைமாறியது.

அதிலும் யேட்ஸின் அணி செய்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட்டைக் காலையிலேயே முன்னால் ஓடிய குழுவோடு அனுப்பியிருந்தார்கள். உச்சியைத் தாண்டியபின் அவர் வேகத்தைக் குறைத்து யேட்ஸுக்காகக் காத்திருந்தார். மலைக்கும் கடைசி ஏற்றமான செஸ்திரியேருக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தாக்கில் காற்றைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு யேட்ஸை இழுத்துப் போனார். தனியாக இருந்திருந்தால் யேட்ஸ் அங்கே பிடிபட்டிருக்கலாம். பின்னால் இருந்த இருவருக்கும் அந்த நேரத்தில் உதவ ஆள் இல்லை. ஸ்டேஜ் முடிவில் டெல் டோரோவைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்தார் யேட்ஸ். மறுநாள் ரோமில் மொத்த வித்தியாசம் 3 நிமிடம் 56 நொடி. எட்டுப் பேரில் ஒருவர் மேடை ஏறுகிறார், ஆனால் அந்த ஏழு பேர் எங்கே, எப்போது இருந்தார்கள் என்பதில்தான் பாதிப் பந்தயம் இருக்கிறது.

ஜெர்ஸி கையில் இருப்பதே ஒரு செலவு என்பதும் இதோடு சேர்ந்தது. முதலிடத்தில் இருப்பவரின் அணிதான் நாள் முழுக்க முன்னால் நின்று காற்றை வாங்க வேண்டும். ஸ்டேஜ் முடிந்ததும் மேடை, பேட்டி, மருந்துப் பரிசோதனை. மற்றவர்கள் அறைக்குப் போய்க் காலை நீட்டும்போது அவர் இன்னும் வரிசையில் நிற்பார். அதனால் பெரிய அணிகள் சில நேரம் ஜெர்ஸியை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும், மலையில் ஆபத்தில்லாத ஒருவர் முன்னால் ஓடிப்போக அனுமதிப்பதன் மூலம். 2025 டூரில் பத்தாவது ஸ்டேஜில் அயர்லாந்தின் பென் ஹீலிக்கு மஞ்சள் கிடைத்தது அப்படி ஒரு நாளில்தான். 1987-க்குப் பிறகு மஞ்சள் அணிந்த முதல் அயர்லாந்துக்காரர். பன்னிரண்டாவது ஸ்டேஜில் பைரனீஸ் மலை வந்ததும் போய்விட்டது. அவருக்கும் அவர் ஊர்க்காரர்களுக்கும் அந்த இரண்டு நாள் வாழ்நாள் சொத்து, அது போனதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 1985-ல் பெர்னார் இனோ ஜெயித்ததற்குப் பிறகு பிரான்ஸ்காரர் யாரும் டூரை ஜெயிக்கவில்லை. 2019-ல் இரண்டு பேர் அருகில் வந்தார்கள். ஜூலியன் அலஃபிலிப் 14 நாள் மஞ்சளில் இருந்தார். திபோ பினோ பக்கக் காற்று நாளில் 1 நிமிடம் 40 நொடி விட்டு, பைரனீஸில் அதைத் திரும்பப் பிடித்து, எல்லோரையும்விடப் பலமாகத் தெரிந்தார். பத்தொன்பதாவது ஸ்டேஜில் தொடைத் தசைக் காயத்தோடு மிதிக்க முடியாமல் அழுதுகொண்டே அணியின் காரில் ஏறினார். அதே நாள் மதியம் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் ரோட்டை மூடின. ஸ்டேஜை நடுவில் நிறுத்தி, 2,770 மீட்டர் உயர இசெரான் உச்சியில் யார் எந்த நேரத்தில் கடந்தார்கள் என்பதை வைத்துக் கணக்கெடுத்தார்கள். அந்த உச்சியில் முன்னால் இருந்த கொலம்பியாவின் எகான் பெர்னாலுக்கு மஞ்சள் போனது. அவருக்கு 22 வயது. கொலம்பியாவுக்கு முதல் டூர் வெற்றி. ஒரே மதியத்தில் ஒரு நாட்டுக்கு இப்படி, இன்னொரு நாட்டுக்கு அப்படி.

முன்னால் இருப்பவர்களை மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கடைசியாக வருகிற கூட்டத்துக்கும் ஒரு பந்தயம் உண்டு. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நேர வரம்பு இருக்கிறது. முதலில் வந்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி, அதற்குள் வராதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கனமான உடம்புள்ள வேக ஓட்டக்காரர்கள் மலை நாளில் ஒன்றுகூடி, கணக்குப் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். பிரிட்டனின் வேக ஓட்டக்காரர் மார்க் கேவண்டிஷ் அந்தக் கூட்டத்தில் வந்து சேராமல் இருந்திருந்தால் அவருடைய சாதனை இல்லை. 34 ஸ்டேஜ் வெற்றியில் பெல்ஜியத்தின் பழைய ஜாம்பவான் எடி மெர்க்ஸோடு சமமாக இருந்தவர், 2023-ல் எட்டாவது ஸ்டேஜில் விழுந்து தோள் எலும்பு முறிந்து விலகினார். 2024-ல் 39 வயதில் திரும்பி வந்தார். முதல் நாளே இத்தாலி வெயிலில் வாந்தி எடுத்து, அணியினர் சூழ்ந்துகொண்டு கூட்டிவர, வரம்புக்குள் தப்பினார். ஐந்தாவது ஸ்டேஜில் 35-வது வெற்றி. முதல் நாள் அவரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறிய அந்த அணிக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் சத்தமாகவே சொல்வேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஊக்கமருந்தைப் பேசாமல் விட்டால் நேர்மை இல்லை. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு டூர் ஜெயித்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் எல்லாம் 2012-ல் பறிக்கப்பட்டன. அதைவிட நம் கணக்குக்கு நெருக்கமான பாடம் 2006. அமெரிக்காவின் ஃப்ளாய்ட் லாண்டிஸ் பதினாறாவது ஸ்டேஜில் மலையில் உடைந்து எட்டு நிமிடத்துக்கு மேல் இழந்தார். மறுநாள் தனியாக ஓடி அதில் பெரும்பகுதியை மீட்டார். உலகமே வியந்தது. அந்த நாளின் சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் சிக்கியது, பட்டம் ஸ்பெயினின் ஆஸ்கர் பெரெய்ரோவுக்குப் போனது. நிமிடக் கணக்கில் போனது ஒரே இரவில் நிமிடக் கணக்கில் திரும்பி வந்தால் உடம்பின் இயல்புக்கு மாறாக ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிற பழக்கம் ரசிகர்களுக்கு உண்டு. 2008 முதல் வீரர்களின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்து ஒப்பிடுகிற முறை இருக்கிறது. அது சந்தேகத்தைக் குறைத்திருக்கிறது, தீர்த்துவிடவில்லை. ஆனாலும் பார்க்கிறோம். ரோக்லிச் தரையில் உட்கார்ந்ததும் பினோ காரில் அழுததும் யாரும் ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்தவை அல்ல.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நேரம் வசதியாகவே அமைந்திருக்கிறது. பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். பெரும்பாலான ஸ்டேஜ் அங்கே மாலை ஐந்து, ஐந்தரைக்கு முடியும், நமக்கு இரவு எட்டரை, ஒன்பது. மே மாதம் ஜிரோ, ஜூலையில் டூர், ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயினின் வுயெல்டா. 21 நாளும் உட்கார வேண்டாம். தொடங்கும் முன்பே வழித்தட வரைபடத்தைப் பார்த்து, மலை உச்சியில் முடிகிற நாட்களையும் தனியோட்ட நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலோரமாகப் போகிற சமதள நாள் இருந்தால் காலையில் அந்த ஊர்க் காற்று எந்தப் பக்கம் என்று போனில் பாருங்கள். பக்கவாட்டில் என்றால் அன்று மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். மூன்றாவது வாரம் முழுக்கப் பாருங்கள்.

மலை வந்ததும் முன்னால் தனியாக ஓடுகிறவரைக் காட்டுவார்கள். அவரை ரசியுங்கள், ஆனால் கேமரா பின்னால் போகும்போதெல்லாம் மஞ்சள் ஜெர்ஸியைச் சுற்றி அவர் அணிக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்து பேர் இருந்தால் அன்று பெரிதாக எதுவும் நடக்காது. உச்சிக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போதே அது ஒன்றாகக் குறைந்து, அந்த ஒருவரும் பக்கவாட்டில் சாயத் தொடங்கினால், இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் மற்றவர்களையும் கூப்பிட்டுவிடுங்கள்.